கதவு, நிலை, ஜன்னல் சகிதம்

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் போன மாசம் போன் பண்ணினார். ஈ.சி.ஆர் பக்கம் வீடு கட்டிக்கிட்டு இருக்கார். "உங்க ஊர்ப் பக்கம் பழைய வீடு எதையாவது இடிச்சா சொல்லுங்க சார், ரெண்டு தூணும் ஒரு நிலைக்கதவும் வேணும். வீட்டுக்கு ஒரு கேரக்டர் வேணும்னு ஆர்க்கிடெக்ட் சொல்றார்" அப்படின்னார். எங்க ஊர்ல தூண் எல்லாம் கிடைக்காதுங்க, காரைக்குடிக்குப் போங்கன்னு சொல்லி வச்சிட்டேன்.

வச்சதுக்கு அப்புறம்தான் யோசனை ஓடுச்சு. காரைக்குடியும் வியாபாரிங்க ஊர்தான், விருதுநகரும் வியாபாரிங்க ஊர்தான். பஸ்ஸுல ஏறினா அரை நாள்ல போய்ட்டு வந்துடலாம். அங்க ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற அரண்மனை வீடு. இங்க பணமே இல்லாமலா இருந்துச்சு? பருப்பு, வத்தல், எண்ணெய்க்கெல்லாம் விலை சொல்ற ஊராச்சே. அப்புறம் ஏன் எங்க ஆளுங்க பதினாலு அடி அகலத்துல, முடுக்குக்குள்ள, ரயில் பெட்டி மாதிரி நீளமா வீடு கட்டினாங்க?

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க :)

முதல்ல செட்டிநாட்டுக் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன், அதைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. பர்மா, இலங்கை, மலேயான்னு கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் பண்ணின பணம் ஊருக்கு வந்து வீடா நின்னுச்சு. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல்லு. 1930கள்ல விலைவாசி விழுந்தது, 1942ல பர்மாவை ஜப்பான் பிடிச்சது, வந்துக்கிட்டு இருந்த பணம் நின்னுச்சு. பேரன் பேத்தி பெருகப் பெருக ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்கு, அறுபது பங்கு. அதுக்கு மேல அதைப் பராமரிக்கிறது யாரு? பிரிச்சு வித்தாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல தூணும் கதவும் மரப்பாச்சியும் பீங்கான் தட்டும் கடை கடையா இருக்கிறது அப்படி வந்ததுதான். மிச்சம் இருக்கிற சிலது ஹோட்டல் ஆயிருச்சு, கடியாபட்டி சிதம்பர விலாஸ் மாதிரி. 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் பேரும் ஏறிடுச்சு. "செட்டிநாட்டு பாணி வில்லா"ன்னு இன்னிக்கு மெட்ராஸ்ல விளம்பரம் வருதுன்னா அதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

இப்ப நம்ம ஊர். பழைய பேரு விருதுபட்டி, விருதுநகர்னு மாத்தினது 1923ல. பத்தொம்பதாம் நூற்றாண்டுல தெற்க இருக்கிற தேரிக்காட்டுப் பனங்காட்டுல இருந்து கருப்பட்டியும் கருவாடும் மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு வடக்க வந்த நாடார் வியாபாரிங்க, வழியில தங்குறதுக்கும் சரக்கு இறக்குறதுக்கும் பேட்டைகள் கட்டினாங்க. நாலு பக்கமும் உசந்த சுவர், ஒரே வாசல், உள்ள ஒரு கிணறு, வண்டி அவுத்துப் போட இடம். ராத்திரி கதவைச் சாத்திட்டா உள்ள இருக்கிற மனுஷனும் மாடும் மூட்டையும் பத்திரம். அப்படி வேர் பிடிச்ச ஊருங்க ஆறு: விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி. அமெரிக்காவுல 1861ல இருந்து 1865 வரைக்கும் உள்நாட்டுச் சண்டை நடந்தப்ப பருத்திக்கு விலை ஏறுச்சு, எங்க கரிசல் காட்டுக்கு யோகம் அடிச்சுது. 1876ல மதுரை-தூத்துக்குடி ரயில் பாதையும் வந்துச்சு. மூட்டை ஏத்தி இறக்குற ஊரா விருதுபட்டி நிமிர்ந்தது இப்படித்தான்.

வந்த பணம் எங்க போச்சுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. மகமைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கடைக்கு வர்ற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவுன்னு பொதுக் கணக்குல போட்டுடணும். அந்தப் பணத்தை உறவின்முறை வச்சு நடத்தும். கோயில், கிணறு, பேட்டை, பள்ளிக்கூடம் எல்லாம் அதுல வந்ததுதான். 1880கள்லயே க்ஷத்திரிய வித்யாசாலான்னு பள்ளிக்கூடம் வந்தாச்சு. காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம் அது. செட்டிநாட்டுல ஒரு குடும்பத்தோட செல்வாக்கு அந்த வீட்டு முகப்புல தெரியும். எங்க ஊர்ல அது உறவின்முறைக் கட்டடத்துல தெரியும். தனி ஆளோட வீடு வெளியில பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். (உள்ள இரும்புப் பெட்டி எத்தனை இருக்குன்னு கேக்கப்படாது.)

சிக்கனம்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பயமும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். கோயில் நுழைவு உரிமைத் தகராறு பல வருஷமா புகைஞ்சு, 1899 ஜூன் 6ஆம் தேதி பெரிய கூட்டம் சிவகாசிக்குள்ள புகுந்துச்சு. நாடார் வீடுகள் நூத்துக்கணக்குல எரிஞ்சுது, உயிர்களும் போச்சு. சுத்து வட்டாரத்துல இன்னும் பல ஊர்கள்லயும் கொள்ளை நடந்துச்சு. அப்படி ஒரு காலத்துல வாழ்ந்தவன் தெருவைப் பார்த்து அகலமா திறந்த வீட்டைக் கட்டுவானா? முடுக்கு முடுக்கா, வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே பொதுச் சுவரா, மட்டப்பா வழியா ஒரு வீட்டுல இருந்து அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போற மாதிரி கட்டுவான். வாசல் ஒரு ஆள் அகலம், கதவு மட்டும் ரெண்டு ஆள் கனம். பேட்டையைக் குறுக்கி நீட்டினா எங்க ஊர் வீடு. இது எந்தப் புத்தகத்துலயும் படிச்சு எழுதினது இல்லை, அந்தத் தெருக்கள்ல நடந்து நடந்து எனக்குத் தோணினது. மாத்துக் கருத்து இருந்தா தாராளமா அடிங்க.

சந்தேகம் இருந்தா காமராஜர் நினைவு இல்லத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. ஒன்பது வருஷம் முதலமைச்சரா இருந்தவரோட வீடான்னு வர்றவங்க எல்லாம் வாயைப் பிளக்கிறாங்க. அவரோட எளிமைக்கு சாட்சியா அதைக் காட்டுறாங்க, சரிதான். ஆனா இன்னொண்ணும் இருக்கு. அவர் அப்பா தேங்காய் வியாபாரி. சின்ன வியாபாரி வீடுன்னா அந்த ஊர்ல அந்தக் காலத்துல அப்படித்தான் இருக்கும். அதே மாதிரி வீடுகள் வரிசை வரிசையா இருந்துச்சு, அதுல பேர் பெத்த ஒண்ணுக்கு அரசாங்கம் வெள்ளையடிச்சு வச்சிருக்கு. எங்க ஊர் வீட்டுக் கலைக்கு இருக்கிற ஒரே மியூசியம் அதுதான்னு நான் சொல்லுவேன். அவரு 1975 அக்டோபர் 2ஆம் தேதி கண்ணை மூடினது தி.நகர் திருமலைப் பிள்ளை ரோட்டுல, வாடகை வீட்டுல. அதுவும் இப்ப நினைவு இல்லம்.

சிவகாசி கதை கொஞ்சம் வேற. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சது 1923ல. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சுத் தொழில் வந்துச்சு, 1940கள்ல பட்டாசு பெருசா வளர்ந்துச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்சது. வீட்டுக்கு இதுனால என்ன ஆச்சுன்னு யாரும் எழுதினதா நான் பார்க்கலை. சிவகாசி, சாத்தூர் பக்கம் திண்ணைங்கிறது உக்காந்து ஊர்க்கதை பேசுற இடம் இல்லை, அது தொழிற்சாலையோட ஒரு மூலை. பெட்டி ஒட்டுறது, கட்டை அடுக்குறது எல்லாம் வீட்டு வாசல்லதான் நடந்துச்சு. பொம்பளைங்களும், சொல்லவே வேண்டியதில்லை, பிள்ளைங்களும். பசைக் கிண்ணம், தாள் கட்டு, காய வைக்கிற தட்டு. வாசல் வெளிச்சம் அதுக்குத்தான். இன்னிக்கு வீட்டு அலங்காரப் புத்தகத்துல திண்ணை வச்ச வீட்டைப் பார்த்தா எனக்குப் பசை வாடைதான் நினைப்புக்கு வரும். என்ன பண்றது.

இந்த வீடுகளுக்கு அலங்காரமே இல்லைன்னு சொல்லிட முடியாது. சுவர்ல இருந்துச்சு. சிவகாசி அச்சுல வந்த காலண்டர் சாமி படத்தை வருஷம் முடிஞ்சதும் கிழிச்சுக் கண்ணாடி போட்டு மாட்டிடுவாங்க. கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்ச முருகனும் மீனாட்சி கல்யாணமும் கடைக்காரன் பேரோட பட்டாசல்ல தொங்கும். காசு கொடுத்து வாங்கினது இல்லை, மளிகைக் கடையில இனாமா கொடுத்தது. அதே படம் இப்ப பழம்பொருள் கடையில விலை போகுது, பழைய தீப்பெட்டி லேபிளைப் பெருசாக்கி காபி ஷாப் சுவர்ல ஒட்டுறாங்க. எங்க அப்பத்தாட்ட சொன்னா சிரிச்சே செத்துருக்கும்.

சரி, இப்ப எங்க வீட்டுக்கு வர்றேன். இதை எழுத உக்காந்ததுக்கு அதுதான் காரணம்.

எங்க தாத்தா வத்தல் கமிஷன் கடையில கணக்குப்பிள்ளை. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல ஒரு முடுக்குல ஒத்திக்குக் குடியிருந்தார். (ஒத்தின்னா தெரியாதவங்களுக்கு: மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துட்டுக் குடியிருக்கலாம். வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது. காலி பண்ணும்போது முழுத் தொகையும் திரும்ப வந்துடும். வீட்டுக்காரருக்கு அந்தப் பணம் கடைக்கு முதல். எங்க ஊர்ல எத்தனையோ வியாபாரம் இப்படி வீட்டை வச்சுத்தான் உருண்டுச்சு.) பத்து வருஷம் ஒத்திக்கு இருந்த வீட்டையே 1951ல கிரயம் முடிச்சார். அகலம் 14 அடி, நீளம் 90 அடி. 1260 சதுர அடி, மூணு சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி.

வாசல்ல ஒத்தைத் திண்ணை, நடை, பட்டாசல், பட்டாசலுக்கு மேல மச்சு. மச்சுக்கு ஏணி கிடையாது, ஒரு பலகைக் கதவு, கயிறு கட்டி மூட்டை ஏத்துற மாதிரி. அப்புறம் வானவெளி, அதை ஒட்டி அங்கணம், அடுக்களை, கடைசியில கிணறு. கிணறும் முழுசு இல்லை, பாதி. சுவருக்கு நடுவுல கிணறு, இந்தப் பக்கம் நாங்க இறைப்போம், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆச்சி இறைப்பாங்க. வாளி ரெண்டும் மோதுற சத்தத்துலயே ரெண்டு வீட்டுக்கும் செய்தி போயிடும். கூரைக்குத் தேக்கு எல்லாம் இல்லை, பனங்கை. வைரம் பாஞ்ச பனங்கை. பனை ஏறி வந்த பரம்பரை கட்டின வீட்டுக்குப் பனைதானே கூரை.

தாத்தா உயில் எழுதலை. 1956ஆம் வருஷ இந்து வாரிசுச் சட்டப்படி அவரு சுயமா சம்பாதிச்ச சொத்துல ஆண் பெண் எல்லாருக்கும் சமபங்கு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா, ரெண்டு அத்தைங்க, ஆக அஞ்சு பங்கு. பங்குக்கு 252 சதுர அடி. அதுல மூணு பேர் காலமாயிட்டதால இப்ப பன்னெண்டு பேர் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேர் வெளிநாட்டுல.

போன பொங்கலுக்கு எல்லாரும் கூடினப்ப வித்துடலாம்னு பேச்சு வந்துச்சு. புரோக்கர் வந்து பார்த்தார். சுத்தி ஒரு நடை போய்ட்டு, "அண்ணாச்சி, மறைக்காம சொல்லிருதேன். கட்டடத்துக்கு சைபர். இடத்துக்குத்தான் விலை. முடுக்குக்குள்ள கார் வராது, அதுல ஒரு கழிவு. இடிச்சு அள்ளுற செலவு வேற வாங்குறவன் தலையில. அதையும் கழிச்சுத்தான் கேப்பான்" அப்படின்னார். பேங்க்ல லோனுக்கு மதிப்புப் போடுறவங்களும் அப்படித்தான் போடுவாங்க, வருஷம் ஏற ஏறக் கட்டட மதிப்பைத் தேய்ச்சுக்கிட்டே வந்து கடைசியில ஒண்ணும் இல்லாம ஆக்கிடுவாங்க. அவரு பொழைப்புக்கு அவரு சொன்னது சரி. ஊரோட விலை இப்ப பைபாஸ் பக்கம் இருக்கு. கலெக்டர் ஆபீஸ் பக்கம், 2022 ஜனவரியில திறந்த மருத்துவக் கல்லூரிப் பக்கம், கல்லு நட்ட பிளாட் பிளாட்டா. 2016ல அனுமதியில்லாத மனையைப் பதியக் கூடாதுன்னு ஹைகோர்ட் சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் படுத்துக் கிடந்த வியாபாரம், அப்புறம் எந்திரிச்சு ஓடுது. சிவகாசிப் பக்கம் கதை வேற: பட்டாசு ஆலைக்குன்னு சட்டப்படி சுத்தி இடம் விடணும், ஒரு அறையில நாலு பேருக்கு மேல வேலை செய்யக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேணும். அதனால ஏக்கர் ஏக்கரா கரிசல் காடு சும்மா கிடக்கிற மாதிரி தெரியும். மலிவா மனை கிடைக்குதுன்னு யாராவது சொன்னா, பக்கத்துல வெள்ளைச் சுவர் வச்ச சின்னச் சின்ன ஷெட்டுங்க இருக்கான்னு முதல்ல பாருங்க.

புரோக்கர் போன மறுநாள் மர வியாபாரி வந்தார். அவரு இடத்தைப் பார்க்கவே இல்லை. விரலை மடக்கி நிலையைத் தட்டிப் பார்த்தார், கீல் கழட்டுற மாதிரி இருக்கான்னு பார்த்தார், மச்சுக்குக் கீழ படுத்து விட்டத்தைப் பார்த்தார். முன் கதவும் நிலையும், நடைக் கதவு, ஊஞ்சல் பலகை, விட்டம் ரெண்டு, பனங்கை அத்தனையும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் தர்றேன்னார். பனங்கை எதுக்குன்னு கேட்டேன். "ரிசார்ட்டுக்காரங்க கேக்காங்க அண்ணாச்சி. நேச்சுரலா இருக்காம்" அப்படின்னார். ஒரே வீடு. கட்டடமா நின்னா சைபர், கழட்டினா ஒரு லட்சத்து எண்பது!

வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே வர்ற காசுதானே. நான் அன்னிக்கு ராத்திரி 1951 பத்திரத்தை எடுத்துப் படிச்சேன். மாதிரிப் பத்திரம்தான், அந்தக் காலத்துல எல்லா வீட்டுப் பத்திரத்துலயும் இதே தமிழ்தான். இன்னார் வீட்டுக்கு மேற்கு, முடுக்குக்குக் கிழக்குன்னு நாலு எல்லை சொல்லி, கிணற்றில் பாதி பாத்தியம், பொதுச் சுவரில் பாதி பாத்தியம், நடைபாதை பாத்தியம், வீட்டின் கதவு, நிலை, ஜன்னல் சகிதம்னு போகுது. எனக்கு அந்த "சகிதம்" அப்படியே நின்னுபோச்சு. எழுதினவர் கதவும் வீடும் ஒண்ணுன்னு சட்டப்படி கட்டிப்போட்டு வச்சிருக்கார். பாதிக் கிணறையும் பாதிச் சுவரையும் எந்த ரிசார்ட்டுக்கு லாரியில ஏத்துறது? இந்த வீட்டுக்குக் கேரக்டர்னு ஒண்ணு இருந்தா அது அந்தப் பாதியில இருக்கு, மீதிப் பாதி பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இருக்கு.

இதுல உணர்ச்சி மட்டும் இல்லை, நடைமுறையும் இருக்கு. நம்ம பனங்கை சொருகி இருக்கிறது பொதுச் சுவர்ல. அதே சுவர்ல அந்தப் பக்கம் இருந்து அவங்க பனங்கை சொருகி இருக்கு. நம்மதை உருவினா காரை உதிரும், சுண்ணாம்புச் சுவர் எழுபது எண்பது வருஷம் கழிச்சு எந்தப் பக்கம் சாயும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பக்கத்து வீட்டுல அந்த ஆச்சியோட மருமக இருக்காங்க, தனியா. இதை நான் சொன்னப்ப பெரியப்பா மகன், "அதெல்லாம் வாங்குறவன் பார்த்துக்குவான் தம்பி"ன்னார். வாங்குறவன் எங்க இருந்து பார்ப்பான், அவன் வர்றப்ப அங்க கூரையே இருக்காதே.

கடைசியில முட்டுக்கட்டை போட்டது சின்ன அத்தை. வயசு எழுபத்தாறு. விக்கிறதுக்கு ஆட்சேபம் இல்லைன்னு தெளிவா சொல்லிட்டாங்க, அவங்களுக்கும் பணம் தேவை இருக்கு, முழங்கால் ஆபரேஷன் பாக்கி. ஆனா மர வியாபாரி வரக் கூடாதாம். "கதவு இல்லாத வீட்டை விக்கதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கதவோட வித்தா நாளைக்கே போடுதேன். வாங்குறவன் என்ன வேணா பண்ணிக்கிடட்டும், அது அவன் பாடு." ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை அஞ்சால வகுத்து ஒரு பங்குக்கு முப்பத்தாறாயிரம்னு சொல்லிப் பார்த்தாங்க. அத்தை அசையலை. இப்ப ரெண்டு பேர் வாங்க வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் இடிச்சுட்டுக் கோடவுன் கட்டணுங்கிறார். இன்னொருத்தர் பலசரக்குக் கடையில வேலை பார்க்கிறவர், புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கு, அப்படியே குடி வந்துடறேன்ங்கிறார். ஆனா அவரு சொல்ற விலை நாலு லட்சம் கம்மி. நான் ரெண்டாவது ஆள் பக்கம், என் பங்குல விழுற எண்பதாயிரத்தை விட்டுக்கொடுக்கத் தயார்னு சொல்லியிருக்கேன். மத்த பங்குக்காரங்க இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க.

எது ஆனாலும் சரின்னு, போன வாரம் டேப் பிடிச்சு வீடு முழுக்க அளந்து கிராஃப் தாள்ல வரைபடம் போட்டுட்டேன். மச்சுக் கதவு, அங்கணம், பாதிக் கிணறு எல்லாம் அளவோட. அருப்புக்கோட்டை, சிவகாசி, திருமங்கலம் பக்கத்து மக்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க பழைய வீட்டையும் இப்படி அளந்து போடுங்களேன். வாசல் அகலம், மொத்த நீளம், கிணறு யாரோட பங்கு, கூரைக்கு என்ன மரம், பத்திரம் எந்த வருஷம். இவ்வளவு போதும். அப்புறம் இன்னொரு விஷயம்: மச்சுக்கு மூட்டை ஏத்துற அந்தப் பலகைக் கதவுக்கு எங்க அப்பத்தா ஒரு பேர் சொல்லும், எனக்கும் ஞாபகம் இல்லை, சின்ன அத்தைக்கும் ஞாபகம் இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்க, படத்துல அந்த இடம் மட்டும் காலியா இருக்கு.